எல்லா மூக்கடைப்பும் சைனஸ் அல்ல

காலையில் எழுந்தவுடன் அடுக்கடுக்காகப் பத்துப் பதினைந்து தும்மல். அதைத் தொடர்ந்து மூக்கிலிருந்து தண்ணீராய் ஒழுகும் நீர். வெயில் ஏறியதும் அது ஓய்ந்து, அடைப்பும் தலைபாரமும் மட்டும் மிஞ்சும். இரவில் எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறோமோ அந்தப் பக்கத்து மூக்கு அடைத்துக்கொள்ளும். பல ஆண்டுகளாக இப்படியே வாழ்கிற ஒருவரிடம் என்ன நோய் என்று கேட்டால், தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: "எனக்கு சைனஸ் இருக்கிறது." இந்த ஒரு சொல்லுக்குள் ஐந்தாறு வெவ்வேறு நிலைகள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. பெயர் தவறாக அமைந்ததால் மருத்துவமும் பல வீடுகளில் தவறான திசையில் போய்க்கொண்டிருக்கிறது என்பதே இக்கட்டுரை விளக்க முற்படும் செய்தி.

சைனஸ் என்பது நோயின் பெயர் அல்ல. உடலின் ஓர் உறுப்புப் பகுதியின் பெயர். கன்னங்களிலும், நெற்றியிலும், கண்களுக்கு இடையிலும், மூக்குக்குப் பின்னால் ஆழத்திலும் எலும்புகளுக்குள் அமைந்திருக்கும் காற்றறைகளையே அச்சொல் குறிக்கிறது. அவை எல்லோருக்கும் உண்டு. அந்த அறைகளில் அழற்சி ஏற்பட்டால் அது சைனசைட்டிஸ். ஆனால் மேலே சொன்ன காலைத் தும்மலும் நீரொழுகலும் பெரும்பாலும் அறைகளில் தொடங்குவதில்லை. மூக்கின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் ஈரச் சவ்வில் தொடங்குகின்றன. அந்தச் சவ்வின் அழற்சியை மருத்துவர்கள் ரைனைட்டிஸ் என்பார்கள். தமிழில் மூக்கழற்சி என்று சொல்லலாம். சித்த மருத்துவம் பீனிசம் என்ற சொல்லை நெடுங்காலமாக ஆண்டுவருகிறது. சவ்வு வீங்கிக் காற்றறைகளின் சிறு வாய்கள் அடைபடும்போது இரண்டு அழற்சிகளும் சேர்ந்து வருவதும் உண்டு. ஆனாலும் தொடக்கம் எங்கே என்று தெரியாவிட்டால், சிகிச்சையை எங்கே செலுத்துவது என்பதும் தெரியாமல் போய்விடும்.

மூக்கு வெறும் காற்றுக்குழாய் அன்று. நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்று அதன் வழியே செல்கிறது. அது தொண்டையை அடைவதற்குள் உடலின் வெப்பத்துக்கு நெருங்கும் அளவுக்குச் சூடேற்றப்பட்டு, ஈரமாக்கப்பட்டு, தூசி வடிகட்டப்பட்டுவிடுகிறது. இதற்காகவே ஒவ்வொரு பக்கச் சுவரிலும் மூன்று சுருளெலும்புகள் மடிப்பு மடிப்பாக அமைந்திருக்கின்றன. கீழ்ச் சுருளெலும்பைப் போர்த்திய சவ்வில் இரத்தம் நிரம்பி வடியக்கூடிய நுண்குழாய்கள் நெருக்கமாக இருப்பதால், அது சில நிமிடங்களில் புடைக்கவும் சுருங்கவும் வல்லது. நலமாக இருப்பவர்களுக்கும் ஒரு பக்கம் சற்றே புடைத்தும் மறுபக்கம் திறந்தும் இருந்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை முறை மாறிக்கொள்ளும். ஜெர்மன் மருத்துவர் ரிச்சர்ட் கைசர் 1895இல் இதை முறையாக விவரித்தார். இடகலை, பிங்கலை என்று மூச்சு மாறி ஓடுவதை நம் யோக மரபு அதற்கு வெகு காலம் முன்பே கவனித்து வைத்திருந்தது. ஆகவே ஒரு பக்கம் மாறி மறுபக்கம் இலேசாக அடைப்பது மட்டுமே நோயின் அடையாளமாகிவிடாது.

சவ்வின் மேல் சளி ஒரு மெல்லிய போர்வையாகப் படர்ந்திருக்கிறது. அதற்கடியில் கோடிக்கணக்கான நுண்மயிர்கள் நொடிக்குப் பத்து முறைக்கும் மேலாக அசைந்து, அந்தப் போர்வையைத் தூசியோடு சேர்த்துத் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. நாமும் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். சளி என்றாலே கழிவு, வெளியேற்றியே ஆகவேண்டிய அழுக்கு என்று நினைப்பது வழக்கம். உண்மையில் சளியே மூக்கின் காவல். அது அளவுக்கு மீறிச் சுரப்பதும், தடித்துத் தேங்குவதும்தான் சிக்கல்.

இனி அழற்சிக்கு வருவோம். ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் மூக்கழற்சியில் மிகப் பெரிய பங்கு ஒவ்வாமைக்கு உரியது. பெயர் தவறுவது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. மேலை நாடுகளில் இதை வைக்கோல் காய்ச்சல் என்றே அழைத்தார்கள். அதில் காய்ச்சலும் இல்லை, வைக்கோலும் காரணமில்லை. ஜான் பாஸ்டாக் என்ற ஆங்கில மருத்துவர் ஒவ்வொரு கோடையிலும் தமக்கு வரும் கண்ணரிப்பையும் தும்மலையும் 1819இல் இலண்டன் மருத்துவச் சங்கத்தில் விவரித்தார். காரணம் வெப்பம் என்று எண்ணினார். புல்லின் மகரந்தமே காரணம் என்பதை மான்செஸ்டரைச் சேர்ந்த சார்லஸ் பிளாக்லி, தம் உடலிலேயே சோதனைகள் செய்து 1873இல் நிறுவினார். உடலுக்குள் இதை நடத்துவது ஐஜிஇ என்னும் எதிர்ப்புப் புரதம் என்பது 1960களின் பிற்பகுதியில்தான் தெரியவந்தது. அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதியரான இஷிசாகா இணையரும், ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிச் ஆகியோரும் அதைத் தனித்தனியே கண்டார்கள்.

நடப்பது இதுதான். தீங்கற்ற ஒரு தூசியை எதிரி என்று பதிவு செய்துகொண்ட உடல், அதற்கென்றே ஐஜிஇயை உருவாக்குகிறது. அது மூக்குச் சவ்வில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்னும் எதிர்ப்புச் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. அடுத்த முறை அதே தூசி வந்து படும்போது, அந்தச் செல்கள் சில நிமிடங்களுக்குள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. அரிப்பு, தும்மல், நீரொழுகல் மூன்றும் தொடங்குகின்றன. இது முதல் கட்டம். நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து, இயோசினோஃபில் போன்ற வெள்ளணுக்கள் திரண்டு வருவதால் இரண்டாம் கட்டம் வருகிறது. இதில் தும்மல் குறைவு, அடைப்பு மிகுதி. தூசி நாள்தோறும் படுமானால் இந்த இரண்டாம் கட்டம் தீர்வதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். சவ்வு எப்போதும் வீக்கத்திலேயே இருக்கும். ஊதுவத்திப் புகையோ ஒட்டடைத் தூளோ சிறிதளவு பட்டாலும் பொங்கும். தும்மலுக்கு மாத்திரை கேட்கிறது, அடைப்புக்குக் கேட்கவில்லை என்று பலர் சொல்வதன் காரணம் இங்கேதான் இருக்கிறது: மாத்திரை ஹிஸ்டமினை மட்டுமே தடுக்கிறது, அடைப்புக்குப் பின்னால் இருப்பது அழற்சி.

நம் வீடுகளில் அந்தத் தூசி எது? தமிழகத்தின் பெரும்பகுதியில் முதலிடம், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத தூசி உண்ணிகளுக்கு. நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் 1960களில், வீட்டுத் தூசியில் ஒவ்வாமையை உண்டாக்குவது இவைதான் என்று காட்டினார்கள். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான இவ்வுயிர்கள், நம் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று வாழ்கின்றன. தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உடலால் உறிஞ்சிக்கொள்கின்றன. ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே நெடுநாள் நின்றால் வற்றிச் சாகும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி அந்த அளவுக்கு மேலேயே நிற்கிறது. குளிர்நாடுகளில் இந்நோய் வசந்தத்தில் வந்து இலையுதிர்காலத்தில் போகும் பருவ நோயாகப் பேசப்படுவதும், நம்மிடம் பன்னிரண்டு மாதமும் நிற்பதும் இதனால்தான்.

நமக்கு ஒவ்வாதது உண்ணியைவிட அதன் எச்சம். அந்த எச்சத்தில் உள்ள செரிமான நொதி, மூக்குச் சவ்வின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பிணைப்புகளையே பிரிக்க வல்லது. எச்சத் துகள்கள் கனமானவை. படுக்கையை உதறும்போது எழுந்து, சற்று நேரத்தில் மீண்டும் படிந்துவிடும். எனவே அறையின் மூலையில் வைத்த காற்றுச் சுத்திகரிப்பானைவிட, எட்டு மணி நேரம் முகத்தைப் புதைத்துக் கிடக்கும் தலையணைதான் கவனிக்கத்தக்கது. தாத்தா காலத்து இலவம்பஞ்சுத் தலையணையை உறை மாற்றி உறை மாற்றிப் பயன்படுத்தும் வீடுகளில், உள்ளே எத்தனை ஆண்டு எச்சம் சேர்ந்திருக்கும் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. உறைகளையும் விரிப்புகளையும் வாரம் ஒருமுறை 60 பாகை சூடுள்ள நீரில் துவைத்தால் உண்ணிகள் சாகும். குளிர்ந்த நீர் எச்சத்தில் பெரும்பகுதியைக் கழுவிவிடும், உண்ணிகளைக் கொல்லாது. மெத்தையை வெயிலில் காயப்போடும் நம் பழைய வழக்கம் ஈரத்தைப் போக்குவதால் நல்லதே, ஆனால் அதைத் தட்டி உதறும் வேலையை மூக்குத் தொல்லை உள்ளவர் செய்யக்கூடாது. துடைப்பத்தால் கூட்டுவதைவிட ஈரத் துணியால் துடைப்பது மேல்.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். உண்ணி புகாத விலையுயர்ந்த மெத்தை உறைகளை மட்டும் போட்டால் மூக்கழற்சி குறைகிறதா என்று நெதர்லாந்தில் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். படுக்கையில் உண்ணியின் அளவு குறைந்தது. நோயாளிகளின் தொல்லை மற்றவர்களைவிடக் குறையவில்லை. தனியொரு பொருளை வாங்கி மாட்டுவதால் நோய் அடங்கிவிடாது. ஆயிரக்கணக்கில் செலவழிக்க முடியாத குடும்பங்கள் அதற்காக வருந்தத் தேவையில்லை.

உண்ணிக்கு அடுத்து கரப்பான்பூச்சி, ஈரச் சுவரின் பூஞ்சை, வீட்டு விலங்குகளின் செதில். வெளியே சீமைக் கருவேலத்தின் மகரந்தமும் பார்த்தீனியத்தின் மகரந்தமும் ஒவ்வாமை தருபவை என்று நன்கு அறியப்பட்டவை. ஆண்டில் ஒரு சமயம் எல்லாம் ஒருங்கே கூடிவரும்: மார்கழியின் இறுதி. அதிகாலைப் பனியும் குளிரும் ஒருபுறம். பொங்கலுக்காகப் பரணை இறக்கி ஒட்டடை அடித்து வெள்ளையடிப்பது மறுபுறம். அதன் உச்சமாகப் போகிப் புகை. சென்னையில் 2018ஆம் ஆண்டின் போகியன்று புகையும் பனியும் சேர்ந்து விமானப் போக்குவரத்தே தடைப்பட்டது. அந்தக் காற்றை வீங்கிய மூக்கோடு சுவாசிப்பவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிப்பதை எந்த மரபின் பெயராலும் ஏற்க முடியாது என்பது இதை எழுதுபவரின் உறுதியான கருத்து.

ஒவ்வாமையே இல்லாத மூக்கழற்சியும் உண்டு. சூடான மிளகு ரசம் குடிக்கும்போது ஒழுகும் மூக்கு, குளிரூட்டிய அறைக்குள் நுழைந்தவுடன் அடைக்கும் மூக்கு, வாசனைத் திரவியத்தின் நெடிக்குப் பொங்கும் மூக்கு ஆகியவற்றில் ஐஜிஇக்கு வேலையில்லை; மூக்கின் நரம்புகள் மிகையாகத் தூண்டப்படுகின்றன. அரிப்பு இராது, கண் சிவக்காது. முதியோருக்கு உணவு வேளையில் தண்ணீராக ஒழுகுவது இவ்வகையே. இப்ரட்ரோப்பியம் என்ற மூக்குத் தெளிப்பு அதற்குப் பயன் தரும். கருவுற்ற பெண்களில் சிலருக்குக் கடைசி மாதங்களில் வரும் மூக்கடைப்பு, பிள்ளை பிறந்த சில வாரங்களில் தானே விலகும். இரத்த அழுத்த மாத்திரைகளில் சிலவும் அடைப்பை உண்டாக்கும். வைரஸால் வரும் சாதாரண சளியை நாம் அறிவோம். ஒரு வாரம், பத்து நாளில் அது அடங்கிவிடும்.

"தலைக்குக் குளித்தேன், நீர் கோத்துக்கொண்டது" என்ற பேச்சையும் இங்கே எடுத்துக்கொள்ளலாம். தோல் வழியாகவோ முடியின் வேர் வழியாகவோ தண்ணீர் தலைக்குள் இறங்க வழியே இல்லை. காற்றறைகள் திறப்பது மூக்குக்குள் மட்டும். ஆனால் அந்தப் பேச்சை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. ஏற்கெனவே வீங்கியிருக்கும் சவ்வுக்கு, உடல் திடீரெனக் குளிர்வதே ஒரு தூண்டலாகும். அனுபவம் உண்மை, அதற்குச் சொல்லப்படும் காரணம் தவறு. அதனால் தீர்வு குளியலைக் கைவிடுவதில் இல்லை, சவ்வின் அழற்சியைத் தணிப்பதில் இருக்கிறது. தயிர், வாழைப்பழம், ஆரஞ்சு என்று குழந்தையின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கும் வழக்கமும் இதே போன்றதுதான். உணவு ஒவ்வாமை வேறு அறிகுறிகள் எதுவுமின்றி மூக்கில் மட்டும் வெளிப்படுவது அரிது. வளரும் பிள்ளைக்கு நல்ல உணவை மறுப்பதற்கு அது போதிய காரணம் ஆகாது.

"மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது" என்பது இன்னொன்று. கைவிளக்கைப் பிடித்து மூக்குக்குள் பார்த்தால் தெரியும் இளஞ்சிவப்புப் புடைப்பு பெரும்பாலும் வீங்கிய கீழ்ச் சுருளெலும்புதான். அது வளர்ச்சியன்று, எல்லோருக்கும் இருக்கும் உறுப்பு. உண்மையான மூக்குத் தசைத்திரள் (பாலிப்) என்பது வெளிறி, உரித்த திராட்சையைப் போல் இருக்கும். தொட்டால் உணர்ச்சி தெரியாது. மூக்கின் இரு துளைகளையும் பிரிக்கும் நடுத்தண்டு வளைந்திருப்பதும் அப்படியே: முற்றிலும் நேரான நடுத்தண்டு உடையவர்கள் குறைவு. ஸ்கேன் அறிக்கையில் "வளைவு" என்ற சொல்லைப் பார்த்தவுடன் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க வேண்டியதில்லை.

நோயை அறிவதற்கு முதல் கருவி கேள்விகளே. எப்போது வருகிறது, எங்கே இருக்கும்போது வருகிறது, கண் அரிக்கிறதா, இளைப்பு உண்டா, குடும்பத்தில் யாருக்கேனும் ஆஸ்துமா உண்டா? உள்ளங்கையால் மூக்கின் நுனியை மேல்நோக்கித் தேய்க்கும் பிள்ளையின் மூக்கில் குறுக்கே ஒரு கோடு விழுந்திருக்கும். கண்ணுக்குக் கீழே கருமை படர்ந்திருக்கும். அனுபவமுள்ள மருத்துவர் இதைக் கண்டவுடன் பாதி தெளிவு பெற்றுவிடுவார். ஊசி முனையால் தோலில் கீறிச் செய்யும் சோதனை, 15 முதல் 20 நிமிடத்தில் எந்தப் பொருளுக்குத் தடிப்பு எழுகிறது என்று காட்டும். அதற்கு முன் சில நாட்கள் ஒவ்வாமை மாத்திரையை நிறுத்தவேண்டும். இரத்தத்தில் ஐஜிஇ பார்க்கும் வழியும் உண்டு. ஆனால் சோதனையில் ஒரு பொருள் தென்பட்டது என்பதாலேயே அதுதான் நோய்க்குக் காரணம் என்றாகிவிடாது. வாழ்வில் அதன் அருகே சென்றால் தொல்லை வருகிறதா என்று ஒப்பிட வேண்டும். நூற்றுக்கணக்கான பொருள்களை ஒரே துளி இரத்தத்தில் பார்ப்பதாகச் சொல்லும் தொகுப்புகள், தேவையற்ற உணவுத் தடைகளையே பெரும்பாலும் பெற்றுத் தருகின்றன.

2001இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல் ஒன்று இந்நோயை எளிதாகப் பகுத்தது. வாரத்தில் நான்கு நாளுக்கு மேலும், தொடர்ந்து நான்கு வாரத்துக்கு மேலும் இருந்தால் அது நீடித்த வகை. அதற்குக் குறைந்தால் விட்டுவிட்டு வரும் வகை. உறக்கம், வேலை, படிப்பு ஆகியவற்றில் ஏதேனும் கெட்டால் அது கடுமையானது. இந்தப் பகுப்பின் சிறப்பு, எத்தனை தும்மல் என்று எண்ணாமல் வாழ்க்கை எவ்வளவு கெடுகிறது என்று கேட்பதில் இருக்கிறது.

மருந்துகளில்தான் பெயர்ப்பிழையின் விளைவு முழுமையாகத் தெரிகிறது. சைனஸ் என்று முடிவு செய்தவுடன் முதலில் கைக்கு வருவது ஆன்டிபயாட்டிக். ஒவ்வாமையிலும் வைரஸ் சளியிலும் அதற்குச் செய்ய எதுவும் இல்லை. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது வெள்ளணுக்களின் நிறத்தால். அது மட்டுமே பாக்டீரியாவுக்குச் சான்றாகாது. பத்து நாளுக்கு மேல் சற்றும் குறையாமல் நீடித்தாலோ, குறைந்து வந்து மீண்டும் காய்ச்சலோடும் முகவலியோடும் கூடினாலோதான் பாக்டீரியாவை ஐயுற இடமுண்டு.

அடுத்தது, அடைப்பை நொடியில் திறக்கும் சொட்டு மருந்து. சைலோமெட்டாசொலின், ஆக்சிமெட்டாசொலின் ஆகியவை இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் வேலை செய்கின்றன. மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள்; அதற்கு மேல் போட்டால் மருந்தின் வேகம் தணிந்தவுடன் குழாய்கள் முன்னைவிடப் புடைக்கும். மீண்டும் சொட்டு, மீண்டும் புடைப்பு. சட்டைப்பையில் அந்தக் குப்பி இல்லாமல் உறங்க முடியாதவர்கள் நம் ஊரில் கணிசம். தங்களுக்கு இருப்பது மருந்தால் வந்த மூக்கழற்சி என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதிலிருந்து மீள வழி உண்டு: மருத்துவரின் துணையோடு சொட்டை நிறுத்தி, அழற்சியைத் தணிக்கும் தெளிப்பைத் தொடங்கினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் மூக்கு தானே திறக்கும்.

மாத்திரைகளில் குளோர்ஃபெனிரமின் போன்ற பழையவை மூளைக்குள் நுழைந்து உறக்கத்தையும் மந்தத்தையும் தருபவை. செட்டிரிசின், லோராட்டடின், ஃபெக்சோஃபெனடின் போன்ற பிற்கால மருந்துகள் அந்த வகையில் மேலானவை. செட்டிரிசின் சிலருக்கு அப்போதும் தூக்கம் தரும் என்பதால் வண்டி ஓட்டுபவர்கள் கவனிக்கவேண்டும். ஃபெக்சோஃபெனடினைப் பழச்சாற்றோடு விழுங்கினால் உடலில் சேரும் அளவு குறையும், தண்ணீரே போதும். மான்டெலுகாஸ்ட் சேர்ந்த கூட்டு மாத்திரை நம் மருந்துக் கடைகளில் மிகுதியாக விற்கிறது. மனநிலை மாற்றம், கெட்ட கனவு, தற்கொலை எண்ணம் ஆகியவை அதோடு தொடர்புடையனவாகப் பதிவானதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் அதன் உறையில் கடும் எச்சரிக்கையைச் சேர்த்தது. மூக்கழற்சிக்கு மட்டும் என்றால் மற்றவை பயன்படாதபோதே தருமாறு அறிவுறுத்தியது. மாதக்கணக்கில் அதைத் தாமாகவே வாங்கி உட்கொள்வோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் நீடித்த மூக்கழற்சிக்கு மிகப் பயனுள்ள தனி மருந்து எதுவோ, அதைக் கண்டுதான் நம் மக்கள் அஞ்சுகிறார்கள். மொமெட்டாசோன், ஃப்ளுட்டிகாசோன், புடசோனைடு முதலிய ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்புகளைச் சொல்கிறேன். "ஸ்டீராய்டு உடம்பை ஊதிவிடும், சர்க்கரையை ஏற்றிவிடும்" என்ற அச்சம், மாத்திரையாகவும் ஊசியாகவும் நெடுநாள் எடுக்கும் ஸ்டீராய்டைப் பொறுத்தவரை நியாயமானது. தெளிப்பின் அளவு மைக்ரோகிராமில். மொமெட்டாசோனிலும் ஃப்ளுட்டிகாசோனிலும் இரத்தத்தில் சேர்வது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வருத்தம் என்னவென்றால், தெளிப்புக்கு அஞ்சும் அதே வீடுகளில், "அலர்ஜி ஊசி" என்று ஆண்டுக்கு இரண்டு முறை போட்டுக்கொள்வதும், பெயர் தெரியாத சிறு மாத்திரை இரண்டு நாளில் குணமாக்கிவிடுவதாகப் பாராட்டுவதும் நடக்கின்றன. அந்த ஊசியும் மாத்திரையும் பல நேரங்களில் முழு அளவு ஸ்டீராய்டே.

தெளிப்பு வேலை செய்யவில்லை என்பவர்களில் பலர் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்கள். முதலாவது, பொறுமையின்மை: முதல் நாளே சிறிது பயன் தெரிந்தாலும் முழுப் பயனுக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும், அடைத்தபோது மட்டும் அடித்தால் போதாது, நாள்தோறும் வேண்டும். இரண்டாவது, முறை. மூக்கை மெல்லச் சிந்தி, குப்பியைக் குலுக்கி, தலையைச் சற்றே முன்னால் குனிந்து, வலக் கையால் இடப்பக்க மூக்கிலும் இடக் கையால் வலப்பக்க மூக்கிலும் நுனியைச் செருகி, கண்ணின் வெளி ஓரத்தை நோக்கிச் சாய்த்து அழுத்தவேண்டும். கையை மாற்றுவது எதற்கென்றால், மருந்து நடுத்தண்டில் படாமல் பக்கச் சுவரில் படுவதற்காக. நடுத்தண்டில் தொடர்ந்து பட்டால் புண்ணாகி இரத்தம் கசியும். மூச்சை மெல்ல இழுக்கவேண்டும். உறிஞ்சி இழுத்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும், கசப்பு மட்டுமே மிஞ்சும். கண் அழுத்த நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். பிள்ளைகளுக்கு நெடுங்காலம் கொடுக்கும்போது உயரத்தை அவ்வப்போது அளந்து பார்ப்பது முறை. பொங்கல் சுத்தம் ஒவ்வோர் ஆண்டும் தொல்லை தருகிறது என்று அறிந்தவர், மருத்துவரைக் கேட்டு மார்கழி முதல் வாரத்திலேயே தொடங்கிவிடலாம்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது எளிய, பயனுள்ள துணை. யோகத்தில் ஜலநேதி என்று இது பழக்கத்தில் உள்ளது. கால் லிட்டர் நீருக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்பும் ஒரு சிட்டிகை ஆப்பசோடாவும் போதும். ஆனால் எந்தத் தண்ணீர் என்பதில் உயிரே அடங்கியிருக்கிறது. நன்னீரில் வாழும் நெக்லேரியா என்ற அமீபா, குடித்தால் தீங்கு செய்வதில்லை. மூக்கின் வழியே ஏறினால் நுகர்ச்சி நரம்பைப் பற்றி மூளைக்குச் சென்றுவிடும், அதன் பின் பிழைப்பவர்கள் மிகச் சிலர். குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர் 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் இவ்வாறு இறந்தார்கள். நம் அண்டையில் கேரளத்தில் 2024இல் நீர்நிலைகளில் குளித்த பிள்ளைகள் இதே நோய்க்குப் பலியானார்கள். எனவே கொதிக்க வைத்து ஆறிய நீர் மட்டுமே. கலனையும் கழுவி உலர்த்தி வைக்கவேண்டும்.

நொச்சியும் துளசியும் போட்டு ஆவி பிடிப்பது இதமளிக்கும். அது அழற்சியைத் தீர்ப்பதில்லை. தைலத்தின் மெந்தால் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுவதால் மூக்கு திறந்தாற்போல் தோன்றுகிறது. காற்றோட்டத்தை அளந்தால் பெரிதாக மாறியிருப்பதில்லை. இதம் கிடைப்பதும் ஒரு பயன்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் போர்வைக்குள் குழந்தையை உட்கார வைப்பது வெந்த புண்ணில் முடிந்த வீடுகள் உண்டு. கைக்குழந்தையின் மூக்கில் கற்பூரமும் தைலமும் தடவவே கூடாது.

இவை எல்லாம் அடக்குபவை. உடலின் தவறான பதிவையே மாற்ற முயல்வது தடுப்பூட்டல் மருத்துவம். இலண்டனில் லெனர்ட் நூன் 1911இல் மகரந்தச் சாற்றைச் சிறு சிறு அளவில் ஊசியாக ஏற்றித் தொடங்கிவைத்த முறை இது. இப்போது நாவுக்கடியில் வைக்கும் வடிவமும் உண்டு. ஏறத்தாழ மூன்று ஆண்டு தொடரவேண்டும். நிறுத்திய பிறகும் பயன் சில ஆண்டுகள் நிற்கும். ஊசிக்குப் பின் கடும் ஒவ்வாமை எழ வாய்ப்புள்ளதால் அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே இருக்கவேண்டும். காரணப் பொருள் உறுதியானவர்களுக்கே இது பொருந்தும். அறுவை சிகிச்சை கட்டமைப்பைத் திருத்தும். ஒவ்வாமையை அகற்றாது என்பதை அதற்கு முன்பே கேட்டுத் தெளிவது நல்லது.

மூக்கும் நுரையீரலும் ஒரே காற்றுப் பாதையின் இரு முனைகள். ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பான்மையோருக்கு மூக்கழற்சியும் இருக்கிறது. மூக்கைப் பேணாவிட்டால் இளைப்பும் அடங்குவது கடினம். பிள்ளைகளிடம் இது வேறு முகம் காட்டும்: வாயால் மூச்சு விடுவது, குறட்டை, கலைந்த உறக்கம், வகுப்பில் கவனமின்மை. பிரிட்டனில் ஏறத்தாழ 1,800 மாணவர்களை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வில், ஒவ்வாமை மூக்கழற்சி உள்ளவர்கள் தேர்வில் எதிர்பார்த்த தரத்திலிருந்து இறங்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. தூக்கம் தரும் மாத்திரை எடுத்தவர்களிடம் அது மேலும் கூடியது. சோம்பேறி என்று திட்டு வாங்கும் பிள்ளை இரவு முழுவதும் மூச்சுக்குத் திணறியிருக்கலாம்.

சில அறிகுறிகளை மட்டும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. எப்போதும் ஒரே பக்கம் அடைப்பதும், ஒரே பக்கத்திலிருந்து திரும்பத் திரும்ப இரத்தம் வருவதும் கட்டியைத் தேடச் சொல்பவை. தலையில் அடிபட்ட பின் ஒரு பக்க மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால், அது மூளையைச் சூழ்ந்த நீராக இருக்கலாம். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிதல், கடும் தலைவலியோடு கழுத்து இறுகுதல் ஆகியவற்றில் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். சர்க்கரை நோயாளிக்கு முகவலியோடு மூக்கில் கருநிறப் பொருக்கு தென்பட்டால், 2021இல் கொரோனாவுக்குப் பின் நாடெங்கும் கண்ட கருப்புப் பூஞ்சையை நினைவில் கொண்டு, சில மணி நேரம்கூடத் தாமதிக்கலாகாது. சின்னக் குழந்தைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி ஒழுகினால், அது சளியும் அன்று, சைனசும் அன்று. விளையாட்டில் உள்ளே போன புளியங்கொட்டையோ பாசிமணியோ இருக்கும். அதை வீட்டில் நோண்டி உள்ளே தள்ளிவிடாமல், குழந்தையை அப்படியே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் தூக்கிச் செல்லவேண்டும்.